இழுக்காத கயிறு

ஜூன் 12

ஏ வாலு,

நல்லா இருக்கேன்னு எழுதினா பொய். படுத்திருக்கேன். இந்த வயசுல ஏணி ஏறி சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கலன்னு யாரு அழுதான்னு உங்கம்மா தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து திட்டிட்டுப் போறா. எழுந்து ஓடவும் முடியல. ஏணியிலேருந்து விழுந்ததுல தொடை எலும்பு ரெண்டா போச்சு. கால்ல கயித்தைக் கட்டி, கட்டில் ஓரத்துல ஒரு சக்கரத்து மேல விட்டு, அந்தப் பக்கம் இரும்புக் கட்டியைத் தொங்க விட்டிருக்காங்க. கிணத்துல வாளி இறைக்கிற மாதிரி என்னை இறைக்கிறாங்க.

ஆறு வாரம் புரளக்கூடாதாம். மேல ஒரு ஃபேன், எதுக்க ஒரு சுவர். அவ்வளவுதான் என் உலகம். அந்தச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சவன் ஒரே ஒரு தடவை பூசிட்டு ஓடிட்டான். இப்ப என்னால எழுந்து போய் அவனை உதைக்கவும் முடியல.

உங்க ஸ்கூலுக்கு இயற்பியல் வாத்தியார் வந்தாரா? அஞ்சாவதோட நின்ன எனக்கே வாத்தியார் இருந்தாரு. அவரால என்னைத் தாங்க முடியாமத்தான் நான் நின்னேன்.

இப்படிக்கு,
தொங்கும் தாத்தா

ஜூன் 19

அன்புள்ள தாத்தாவுக்கு,

வாத்தியார் வரல. இனி வர மாட்டாருன்னு சொல்லிட்டாங்க. லேப் பூட்டியே கிடக்கு. ஹாஸ்டல் கேட்டும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை கூட திறக்கிறதில்ல. எல்லாரும் கைடை மனப்பாடம் பண்றாங்க. எனக்கு அது ஒட்டல. புத்தகத்தை வச்சுக்கிட்டு நானே படிக்கிறேன். ஒரு பக்கம் புரியறதுக்கு ஒரு வாரம் ஆகுது.

இப்ப விசை பாடம். அதுல கப்பின்னு ஒரு படம் இருக்கு, உங்க காலேதான்! ஒரு சந்தேகம். இரும்புக் கட்டி நாள் பூரா உங்களை இழுக்குதே, நீங்க ஏன் கட்டிலோட அந்த ஓரத்துக்கு வழுக்கிட்டுப் போகல? கால் பக்கம் கட்டிலை உயர்த்தி இருக்காங்களா? கட்டி தாராளமா தொங்குதா, எதுலயாவது இடிக்குதா? நல்லா பார்த்து எழுதுங்க. இனிமே நீங்கதான் என் லேப்.

உங்கள்,
வாலு

ஜூன் 26

மேடம் அவர்களுக்கு லேப் எழுதிக்கொள்வது,

கால் பக்கம் மரக்கட்டை வச்சு உயர்த்தியிருக்காங்க. தலை பள்ளத்துல. என் பாரமே என்னைத் தலைப் பக்கம் புடிச்சு வைக்குதுன்னு வார்டு ஆயா சொன்னா. இத்தனை வருஷம் சோறு தின்னது இதுக்காவது ஆச்சு.

கட்டி தொங்குற கதையெல்லாம் போன வாரத்தோட சரி. வலி உயிர் போச்சு. வார்டு ஆயாகிட்ட கெஞ்சினேன். மகராசி, கட்டிக்கு அடியில ஒரு முக்காலியைத் தள்ளி, மேல போர்வையை இழுத்து விட்டுட்டா. டாக்டருங்க வராங்க, கயித்தைப் பாக்குறாங்க, தலையை ஆட்டுறாங்க, போறாங்க. நான் நிம்மதியா தூங்குறேன். வலியே இல்ல! உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே.

இப்படிக்கு,
கெட்டிக்காரன்

ஜூலை 3

அன்புள்ள தாத்தாவுக்கு,

வலி இல்லன்னு படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் முக்காலியைப் பத்தி யோசிச்சேன். பாரத்தை முக்காலி தாங்கினா, கயிறு எதைத் தாங்கும்?

ஜன்னல் கம்பி மேல கயித்தைப் போட்டு, இந்தப் பக்கம் ரப்பர் பேண்ட், அந்தப் பக்கம் சோப்பு டப்பா கட்டினேன். ரப்பர் பேண்ட் நீண்டுச்சு. டப்பாவுக்கு அடியில புத்தகத்தை அடுக்கினேன். ரப்பர் பேண்ட் சுருங்கிடுச்சு. கயிறு பாக்க அப்படியேதான் இருந்துச்சு தாத்தா, ஆனா ஒண்ணும் இழுக்கல. உங்க காலையும் யாரும் இழுக்கல. எலும்பு எப்படி நேரா சேரும்?

சரியா தப்பான்னு எனக்குச் சொல்ல இங்க யாரும் இல்ல. தப்பா இருந்தா சிரிங்க. ஆனா நீங்க முக்காலியை எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால இதே தபால்ல டாக்டருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கேன். படம் வரைஞ்சு.

திட்டுங்க. பரவாயில்ல.

உங்கள்,
வாலு

ஜூலை 10

அடி துரோகி,

பெரிய டாக்டர் உன் படத்தைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தாரு. போர்வையைத் தூக்கினாரு. நான் திருதிருன்னு முழிச்சேன். ஆயாவுக்கு விழுந்த திட்டுல பக்கத்துக் கட்டில்காரர் காதைப் பொத்திக்கிட்டாரு. நான் கெஞ்சினதாலதான் அவ செஞ்சான்னு சொல்லிப் பார்த்தேன், யாரும் கேக்கல. அவளை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. இப்ப தண்ணி குடுக்கிறவ சிரிக்கவே மாட்டேங்கிறா. உன்கூடப் பேசக் கூடாதுன்னு நானும் மூணு நாள் இருந்து பார்த்தேன்.

எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதாம். "இப்படியே ஒட்டியிருந்தா கால் குட்டையா போயிருக்கும், பெருசு. இந்தப் பொண்ணுக்கு யாரு வாத்தியார்?"ன்னாரு. "யாரும் இல்ல சார்"னேன்.

ஆறு வாரம் மறுபடியும் முதல்லேருந்து. கட்டியையும் கூட்டிட்டாங்க. நீ ஆகஸ்ட் பதினஞ்சு லீவுல வரும்போதும் நான் இதே சுவத்தைத்தான் பார்த்துக்கிட்டு கிடப்பேன். நேரா நடப்பேனா, சாய்ஞ்சு நடப்பேனான்னு அவங்களுக்கே தெரியலயாம். நடப்பேன்னு மட்டும் சொல்றாங்க.

ஆயாவுக்காக உன் மேல இருக்கிற கோவம் இன்னும் தீரல. ஆனா நீ மன்னிப்புக் கேட்டு எழுதினே, கிழிச்சுப் போட்டுடுவேன்.

வலிக்குது வாலு. விளையாட்டுக்குச் சொல்லல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். கயிறு இழுக்குது. சொல்ல ஆளில்லன்னு எழுதியிருந்தியே, நான் சொல்றேன். நீ போட்டது சரி.

தாத்தா