ஸ்டெஃபனிக்கு நீ தேடிக் கொடுத்த வேலை

ரெம்பியா, மலாக்கா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரஹீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தாவும் உம்மாவும், தங்கா பத்துவில் உன் தங்கை மர்வா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், பெர்லின் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். உம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனால் படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் வாங்குவதில்லை. மர்வாவின் சின்னவன் பல் முளைத்து எல்லோரையும் கடிக்கிறான், போன வாரம் கடைக்கு வந்த மலாய்க்கார அம்மா ஒருத்தரின் கைப்பையையும் விடவில்லை.

இனி எழுதப் போவதைப் போனில் சொல்ல வாயைத் திறந்தாலே "அதெல்லாம் ஒண்ணும் இல்லத்தா, உம்மா சாப்பிட்டாங்களா" என்று நீ பேச்சை மாற்றி விடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது. லூபோக் சீனாவிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி ஓட்டும் ஜார்ஜ் நம் கடையில்தான் சாமான் வாங்குவார், உனக்குத் தெரியும். அவர் மகள் ஸ்டெஃபனி மலாக்காவில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், கடைசி வருஷத்துக்கு ஒரு வேலை செய்து காட்ட வேண்டும் என்றார், நீதான் அங்கே உங்கள் எழுத்து சாஃப்ட்வேரில் மாணவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிறவள் ஆயிற்றே என்று நான் உன்னிடம் சொன்னேன். "தெரிஞ்ச பொண்ணுன்னு சலுகையெல்லாம் கிடையாதுத்தா, எல்லாரையும் போல விண்ணப்பம் போடச் சொல்லுங்க" என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நீயாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாம் ஸ்டெஃபனி வாயால்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்தப் பிள்ளை, உங்கள் சாஃப்ட்வேர் தமிழை வாய்விட்டுப் படிக்கும்படி செய்கிறேன் என்று கேட்டாளாம், அது பல பேர் பல வருஷம் செய்கிற வேலை என்று நீ மறுத்து விட்டாயாம். ஆனால் அதோடு விடாமல், தமிழில் டைப் செய்யும்போது அவளுக்கே வந்த தொல்லை என்ன என்று கேட்டாயாம். அவள் தங்கள் மாதா கோவில் பாட்டுப் புத்தகத்தைச் சொன்னாளாம். ஆளுக்குக் கொஞ்சமாகப் பல பேர் டைப் செய்தது, 'போற்று' என்று தேடினால் பாதிப் பாட்டுதான் வருமாம். 'போ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாக வைக்கலாம், நம் கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு வேறு வேறு என்று எனக்கும் விளக்கினாள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய அவ்வளவு பெரிய சாஃப்ட்வேரில், மலை மாதிரிக் குவிந்து கிடக்கும் பழைய புகார்களுக்குள் இறங்கி, யாரோ எப்போதோ எழுதி எவரும் தொடாமல் விட்ட இந்தக் குறையை நீ கண்டுபிடித்துக் கொடுத்தாயாம். அங்கே பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், இதை நானே ஒரு மத்தியானத்தில் முடித்து விடுவேன், எதற்கு ஒரு மாணவிக்காகக் காத்திருக்க வேண்டும் என்றபோது, நீங்கள் முடித்தால் ஒரு குறை தீரும், அவள் முடித்தால் நமக்கு ஒரு ஆள் கிடைக்கும் என்று நீ சொன்னாயாமே, அதைக் கேட்டு உம்மா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

நடுவில் ஒரு கஷ்டமும் வந்தது. அவள் திருத்திக் கொடுத்ததும் தமிழ் சரியானது, ஆனால் அதே போல இரண்டு விதமாக வைக்கக்கூடிய கொரிய எழுத்திலும் வியட்நாம் எழுத்திலும் தேடினால் வேறு எங்கேயோ போய் நிற்க ஆரம்பித்ததாம், முகம் தெரியாத ஆட்களெல்லாம் எல்லோரும் படிக்கும் இடத்தில் கடுமையாக எழுதி விட்டார்கள். ஜார்ஜ் லாரியை ரோட்டோரம் நிறுத்தி விட்டுக் கடைக்குள் வந்து, "பாய், புள்ள சரியா சாப்பிட மாட்டேங்குது, படிப்பே வேணாங்குது, ஒங்க மககிட்ட கொஞ்சம் பேசுங்கலா" என்றார், அவ்வளவு பெரிய மனுஷன் கண் கலங்கியதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. உனக்குப் போன் செய்தேன், "தெரியும்த்தா, பாத்துக்குறேன்" என்று வைத்து விட்டாய். பிறகுதான் தெரிந்தது, அதற்கு முன்பே நீ அதே இடத்தில், இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது நான், தமிழில் மட்டும் சோதித்துப் பார்த்துக் கொடுத்து விட்டேன், தவறு என்னுடையது என்று உன் பெயரைப் போட்டு எழுதியிருந்தாய். அதற்கப்புறம் வேலையைச் சின்னச் சின்னதாக வெட்டி, முதலில் மற்ற மொழிகளில் எதுவும் கெடவில்லை என்று சோதிக்கும் பகுதியை அவளையே எழுத வைத்து, பிறகு திருத்தத்துக்குப் போக விட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை அவள் காலேஜில் செய்து காட்டும் நாள். ஜார்ஜும் அவர் மனைவி இருதயம்மாளும் வற்புறுத்தி என்னையும் உம்மாவையும் அழைத்துப் போனார்கள். திரையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பழைய சாஃப்ட்வேரில் தேடினாள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. புதியதில் தேடினாள், பக்கத்துக்குப் பக்கம் கிடைத்த சொல்லெல்லாம் மஞ்சள் பூத்தது. ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். ஜார்ஜ் என் காதில் "பாய், இது எல்லா ஊர்லயும் வேலை செய்யுமா?" என்று கேட்டார், "எல்லா ஊர்லயும்லா" என்றேன், நான்தான் செய்தது போல! வாத்தியார் ஒருவர், உனக்கு வழிகாட்டியவரைப் பற்றிச் சொல் என்றார். ஸ்டெஃபனி, "ரஹீலாக்கா இத எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே தானே செஞ்சு பாத்தாங்க. என்னால முடியும்னு தெரிஞ்சதும் அவங்க செஞ்சத அழிச்சிட்டாங்க. நான் முடிச்சப்புறம்தான் சொன்னாங்க" என்றாள். செய்து முடித்த ஒன்றைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவில்லை.

இப்போது அடுத்த வருஷ மாணவர்களுக்கு வேலை தேட ஸ்டெஃபனியையும் உங்கள் ஆட்கள் சேர்த்துக்கொண்டார்களாம். நேற்றுக் கடைக்கு வந்தவள், ஒரு வேலையைப் பார்த்தேன் அங்கிள், புதுசாக வருகிறவர்கள் பயந்து ஓடி விடுவார்கள், வேண்டாம் என்று தள்ளி விட்டேன் என்றாள். பேச்சு அப்படியே உன் பேச்சு.

பிள்ளைகளுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற நீ உனக்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா, வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுக்காதே. பெருநாளுக்கு டிக்கெட் போடுவதை மறந்து விடாதே, உம்மா இப்போதே உன் அறைக்குத் திரைச்சீலை மாற்றி விட்டாள். அல்லாஹ் உன் ஆயுளிலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக. ரெம்பியாவில் இத்தனை வருஷம் என்னைக் கடைக்கார பாய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அந்த ஹாலில் முதல் தடவையாக "ரஹீலாவோட அத்தா" என்று அறிமுகம் செய்தார்கள். அந்தப் பெயரையே இங்கே போடுகிறேன்.

இப்படிக்கு,
ரஹீலாவின் அத்தா
அப்துல் வஹீது