ஆசனத்தில் வைத்த தலைப்பாகை

ஆலடிக்குறிச்சி அரண்மனை,
விரோதிகிருது ஆண்டு, புரட்டாசி 19.

சென்னப்பட்டணத்தில் படிக்கும் என் மகன் குற்றாலலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன்னைக் காந்திமதித் தாய் பார்த்துக்கொள்ளட்டும்.

கார் நெல் அறுப்பு முடிந்தது. ஆற்றில் தண்ணீர் வரத்து இருப்பதால் பிசான நெல்லுக்கு நாற்றங்கால் உழுகிறார்கள். என் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

விஜயதசமிக்கு ஊர்ப் பெரியவர்கள் கூடும் நம் கொலு நடந்த விதத்தைப் பிறர் சொல்லி நீ கேட்க வேண்டாம். அதற்குப் பத்து நாள் முன்பு உன் சின்னையா அப்பாத்துரை வந்தார். ஆம்பளை இல்லாத அரண்மனையின்னு ஊரு சிரிக்குது, இந்த வருசம் நானே ஆசனத்துல உக்காருதேன் மதினி என்றார். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால், ஊரே தன்னை ஏற்றுக்கொண்டது என்று கலெக்டர் துரைக்கு எழுதிவிடுவார். உன் பட்டம் போய்விடும். நான், பாப்போம் என்று மட்டும் சொன்னேன்.

கொலுவன்று காலையில் உன் அப்பாவின் தலைப்பாகையையும் வாளையும் உன் பேரால் ஆசனத்தில் வைக்கச் சொன்னேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பட்டத்துக்காரர் வெற்றிலை கொடுப்பார், வாங்க மாட்டார். வாங்குகிறவர் அவருக்குக் கட்டுப்பட்டவர். உன் அப்பா காலத்தில் பதினைந்து வருஷமும் முதல் வெற்றிலை வாங்கியவர் உன் சின்னையாதான்.

அவர் ஆசனத்தை நோக்கி மண்டபத்தில் பாதி தூரம் வந்திருப்பார். திரைக்குப் பின்னாலிருந்து வேலைக்காரி மாடத்தியிடம் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து அனுப்பினேன். பட்டத்தின் பேரால் முதல் வெற்றிலை என்று அவள் நீட்டினாள். பழகிய கைகள் அல்லவா, இரண்டும் தானாக நீண்டன. வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஆசனத்தைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை ஊர்ப் பெரியவர்களும் பார்த்துவிட்டார்கள். பைய நடந்து தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். சாப்பிடாமலே போனார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. உன் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்.

உன் கடிதம் கொலுவுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பட்டம் வேண்டாம், வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். என் பெட்டியைத் திறந்து பார்க்க இங்கே ஆள் உண்டு. அதனால் அந்தத் தலைப்பாகையின் மடிப்புக்குள் செருகிவிட்டேன். உன் சின்னையா கும்பிட்டது அதையும் சேர்த்துத்தான்.

கோபமில்லை ஐயா, அலுப்புதான். உன் அப்பா போனபின் ஒன்பது வருஷம் திரைக்குப் பின்னால் இருந்து ஒருவரையும் அதட்டாமல் காப்பாற்றிவிட்டேன். யாருக்காக என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியவில்லை.

தையில் உனக்கு இருபத்தொன்று முடிகிறது, பட்டமேறும் வயது. ஒரே ஒரு நாள் வந்து ஆசனத்தில் உட்கார். பிறகு உன் கையாலேயே, உன் சின்னையாவுக்கானாலும் சரி, பட்டத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போ. உன்னைப் பிறர் எழுப்பினதாக இருக்கக் கூடாது. அதுவரை தலைப்பாகையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

நூறு வயது இரு. வைத்தியனானால் அம்மாவின் முழங்காலை முதலில் பார்.

உன் அம்மா,
வெள்ளைத்துரைச்சி