சுவரைப் பார்த்து நின்ற பொம்மைகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம், நீயும் உன் உடம்பைப் பார்த்துக்கொள். போன மாதம் உன் தம்பி நம் துணிக்கடைப் பொம்மைகளை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டான். தன்னைப் பற்றிக் கிசுகிசுக்கின்றனவாம். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், மாத்திரையில் கிசுகிசு தணிந்தது, ஆனால் மாடியறையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறான், சாப்பாடு இறங்கவில்லை, வாசல் என்றாலே பின்வாங்குகிறான். டாக்டரம்மாவை மாடிக்கே வரவழைத்து, அதுதான் தீர்ந்துவிட்டதே, இது என்ன மிச்சம் என்று கேட்டேன். மிச்சமில்லம்மா, பயமும் மனச்சோர்வும் தனி, இந்த வயதில் அந்தக் குரலோடு சேர்ந்தே நிறையப் பேருக்கு வரும், மூன்றையும் கவனிக்க வேண்டும் என்றார். மூணையும் மொத்தமா எடுத்தா ஃபீஸ் குறைப்பீங்களா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். தம்பி சிரித்தான், எத்தனை நாளைக்கு அப்புறம்!

அவன் நிம்மதிக்காகப் பொம்மைகளை அப்படியே விட்டிருந்தேன். முதுகு காட்டும் பொம்மையைப் பார்க்கக் கூட்டம் கூடி, வியாபாரம் ஏறிவிட்டது. எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா, தன் பொம்மைகளையும் திருப்பிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்த தம்பி, பாரும்மா, அவருக்கும் கேக்குது, நான் சொன்னப்ப நம்பினியா என்று போர்வைக்குள் போய்விட்டான். தெருவுக்கே தெரிந்தாலும் தெரியட்டும் என்று அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அந்த மனுஷன், தொழில் ரகசியத்தைச் சொல்ல மனசில்லேன்னா விடுங்கக்கா, பெத்த புள்ள மேல ஏன் பழி போடறீங்க என்கிறார்! நான் கத்த, அவர் கத்த, தெருவே கூடிவிட்டது. அந்தச் சத்தத்துக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்தது யார் தெரியுமா, நம் சின்னவன். அண்ணே, கேக்கறது எனக்குத்தான், உங்க பொம்மைங்க ஒண்ணுகூடப் பேசல, இப்பதான் நின்னு கேட்டுப் பார்த்தேன் என்றான். எதிர்க்கடைக்காரர் அவன் உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வியாபாரி அல்லவா, கொஞ்ச நேரத்தில், சரிக்கா, திருப்பிடறேன், எனக்கு என்ன தருவீங்க என்றார்.

நீ போன் செய்தால் எடுத்ததுமே மாத்திரை போட்டாயா என்று விசாரிக்காதே, அந்த ஸ்டூலைப் பற்றிக் கேள். நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. பேசி முடித்தது இதுதான்: அவர் பொம்மைகள் எல்லாம் தெருவைப் பார்க்கும், பதிலுக்கு நம் கடையில் எதை மாற்றினாலும் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். நம் பொம்மைகளும் தெருவைப் பார்க்கும், கல்லாப்பெட்டி அருகே நிற்பது மட்டும் அவன் சொல்லும்வரை சுவரைப் பார்க்கும். மாத்திரையும் டாக்டரம்மாவிடம் மனம்விட்டுப் பேசுவதும் அவன் பொறுப்பு. எல்லாம் சரியாப்போச்சா என்று தினமும் கேட்காமல் இருப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா