உப்பு பார்க்கிற வேலை

மார்ச் 4, புதன்

காலை ஏழுக்கே வெயில் ஏறிவிட்டது. மதிய ஷிப்ட்.

பால் தீய்ந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கே மூக்கில் ஏறியது. போய்ப் பார்த்தால் ராஜாத்தி (இனி ரா.) அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள். ரெண்டடி தூரம்தான். பாத்திரம் கறுத்து, ஒரே புகை.

"கருகுறது தெரியல?" என்று கத்திவிட்டேன். அடுப்பை அணைத்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். வெங்காயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எனக்கு வாசனையே தெரியலங்க. அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுலருந்து. நாக்கும் மரத்துப்போச்சு. உப்பும் புளியும் ஒண்ணாத்தான் இருக்கு."

"மாசம் ஒண்ணாச்சே! சொல்ல வேண்டாமா?"

"வாயில வச்சு திங்கிறவருக்கே வித்தியாசம் தெரியல. நாம என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்."

ஒரு மாதமாக மூன்று வேளையும் தின்றிருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. மாடு.

வேலைக்குப் போயும் இதே நினைப்பு. ஆரப்பாளையம் ஸ்டாண்டில் எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறித்து வைப்பதுதான் என் உத்தியோகம். டைம்கீப்பர். வீட்டில் என்ன குறித்தேன்?

மார்ச் 5, வியாழன்

டாக்டரிடம் போனோம். திரும்பி வரலாம், மாதக்கணக்கு ஆகலாம், உறுதி சொல்ல முடியாதாம். தினம் காலையும் மாலையும் நாலு பொருளை மோந்து பழகச் சொன்னார். கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள். நாலாவது உங்களுக்குப் பிடிச்சது எதுவும் என்றார். ரா. மல்லிகை என்றாள்.

எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது. ரா. ருசி பார்த்துச் சமைக்கிறவள் இல்லை. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம், ஒரு நாள் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. குழம்பு கொதிக்கும்போது குனிந்து ஒரு மோப்பம். "உப்பு பத்தல" என்பாள், போடுவாள், சரியாக இருக்கும். அவ்வளவுதான். இதைப் பக்கத்து வீட்டு செல்வி வாயைப் பிளந்து பார்ப்பாள். நான் பார்த்ததில்லை. நான் எப்போதும் பேப்பருக்குள்.

இனி எனக்கு:

1. சாப்பிடும்போது பேப்பர், போன் கூடாது.
2. "நல்லாருக்கு" என்ற வார்த்தை தடை. என்ன இருக்கு, என்ன இல்லை என்று சொல்ல வேண்டும்.
3. பால், தயிர், மாவு காலையில் மோந்து பார்ப்பது என் வேலை.
4. கேஸ் ரெகுலேட்டர் ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும். (கேஸ் கசிந்தால் அவளுக்குத் தெரியாது.)
5. யாருக்கும் சொல்லக் கூடாது. ரா. உத்தரவு. மகளுக்குக்கூட.

மார்ச் 6, வெள்ளி

முதல் நாள் டூட்டி. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டாள்.

"எப்புடி இருக்கு?"

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"உப்பு?"

"இருக்கு."

"போட்டவளுக்குத் தெரியாதா இருக்குன்னு? எம்புட்டு இருக்கு?"

முழித்தேன். என்ன சொல்வது? வாயில் ஒன்று படுகிறது, அதற்கு வார்த்தை இல்லை. கடைசியில், "அஞ்சு நிமிஷம் லேட்டா வருது" என்றேன்.

"இதென்ன திண்டுக்கல் பஸ்ஸா?"

ஆனால் சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. கல் உப்பு ஜாடியை முன்னால் வைத்து, "கல்லுக் கணக்குச் சொல்லுங்க" என்றாள். நாலு கல் என்றேன். போட்டாள். மறுபடி பார்த்தேன். அடேயப்பா, குழம்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

ஸ்டாண்டு டீக்கடையில் மதியம் சும்மா இருக்க முடியாமல், "அண்ணே, இன்னைக்கு இஞ்சி தூக்கலா இருக்கே" என்றேன். டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டுல ஏதும் சண்டையாண்ணே?"

மார்ச் 8, ஞாயிறு

லீவு. காலை முழுக்க அடுப்படியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இதை எப்படி எழுத? குழம்பு கொதிக்கிறது. ரா. அந்தப் பக்கம் திரும்பிக் கீரை ஆய்கிறாள். திடீரென்று, "பச்ச வாசன போயிருக்கும், மோந்து பாருங்க" என்கிறாள். மோந்தேன். போயிருந்தது! அரை நிமிஷம் முன்னால் மசாலா நெடி தும்மல் வரவழைத்தது.

"திரும்பிக்கூடப் பாக்கலையே, எப்புடி?"

"சத்தம் தடிச்சிருச்சுல்ல. முன்ன சளசளன்னு கொதிச்சுச்சு. இப்ப கேளுங்க."

கேட்டேன். தொப் தொப் என்று நிதானமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் இந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. வெங்காயம் வதங்கியதைக் கரண்டியில் தள்ளும் கனத்தில் சொல்கிறாள். சோறு வெந்ததை மூடி ஆடுவதில். தோசை திருப்ப வேண்டியதைச் சத்தம் அடங்குவதில். மூக்கு போன ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் காதுக்கும் கைக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. என்ன பொம்பளை இவள்! அவளுக்குப் பிடிபடாமல் போனது உப்பு ஒன்றுதான்.

மல்லிகை: காலை ஒன்றும் இல்லை. மாலையும்.

மார்ச் 9, திங்கள்

மகள் கவிதா வாடிப்பட்டியிலிருந்து போன். கல்யாணம் ஆகி மூன்று மாதம். மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் வருகிற ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறார்கள். கல்யாண விருந்து சமையல்காரர் கை. ரா. கைச்சோறு அவர்களுக்கு இதுதான் முதல்.

"எங்கம்மா ருசியே பாக்க மாட்டாங்க, மோந்து பாத்தே உப்பு சொல்லிருவாங்கன்னு அத்தைகிட்ட சொன்னேம்மா. நம்ப மாட்டேங்கிறாங்க. நேர்ல பாக்கணுமாம்!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். ரா.வின் முகத்தை நான் பார்க்கவில்லை. "வரட்டும்த்தா" என்றாள், குரலில் ஒன்றும் தெரியவில்லை.

போன் வைத்தபிறகு, "வேணும்னா கடையில பிரியாணி சொல்லிருவோமா?" என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"மூக்கு செத்தவ வீட்டுல பொண்ணு எடுத்துட்டோம்னு பேசட்டும்ங்கிறீங்களா?"

மார்ச் 11, புதன்

கேவலமான நாள். என் கேவலம்.

காலையில் மல்லிகையை மூக்கில் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு தலையில் வைக்காமல் பூவை ஜன்னல் திட்டில் போட்டுவிட்டாள். சமைக்கும்போது முகமே சரியில்லை. புளிக்குழம்பை உள்ளங்கையில் விட்டாள். ஒரே உப்பு. கரித்தது. இன்றைக்குப் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அதை நம்பி செல்வி வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறாள்.

ஷிப்ட் முடிந்து வீடு திரும்பி செருப்பைக் கழற்றுகிறேன், செல்வி கிண்ணத்தோடு வருகிறாள். "என்னக்கா இன்னைக்கு, குழம்பு ஒரே உப்பாக் கெடக்கு? உங்க கையா இதுன்னு எங்க வீட்ல கேக்குறாங்க!"

ரா. கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். செல்வி போகும்வரை சிரித்த முகம். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத்தான் மூக்கு போச்சு. உங்க நாக்கையாவது நம்பலாம்னு பாத்தேன்."

கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 12, வியாழன்

என்னைக் கூப்பிடவில்லை. சமைத்து, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பொடி உப்பு வைத்துவிட்டாள். ஓட்டலில் வைப்பார்களே, அந்த மாதிரி.

6. பாவம் பார்த்துப் பொய் சொல்லக் கூடாது. (இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.)

உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். கேட்காமலே சொன்னேன்: "பீன்ஸ்ல உப்பே இல்ல. சப்புன்னு இருக்கு. ரசத்துல புளி தூக்கல், பெருங்காயம் இல்ல. சோறு ஒரு கொதி கூட வெந்துருச்சு." இருபத்தாறு வருஷத்தில் நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசிய மொத்தமும் இதைவிடக் குறைவு.

சாயங்காலம் ரசத்தைச் சூடுபண்ணும்போது பெருங்காய டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

மார்ச் 14, சனி

கறிக்கடை, காய்கறி, வாழை இலை எல்லாம் ஆயிற்று. வெயில் கொன்றுவிட்டது.

ரா. பேசினாள். திட்டம் போட்டோம். நாளைக்கு நான் தண்ணீர் குடிக்க வருகிறமாதிரி அடுப்படிக்குப் போவேன். சொட்டு வாங்கி நக்கிப் பார்ப்பேன். கூடத்தில் வந்து நின்று கம்மி என்றால் காதைச் சொறிவேன், அதிகம் என்றால் தலையை. சரியாக இருந்தால் துண்டால் முகம் துடைப்பேன். அவள் சும்மா குனிந்து மோந்து பார்க்கிறமாதிரி பாவனை பண்ணுவாள்.

ஒத்திகை பார்த்தோம். "தலையச் சொறிஞ்சா பேன்னு நெனைப்பாக" என்று சிரித்தாள். மன்னித்துவிட்டாளா தெரியவில்லை. கேட்கப் பயம்.

மார்ச் 15, ஞாயிறு

பதினொன்றரைக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா நேராக அடுப்படிக்குப் போய், என் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. நான் ரெண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். ரெண்டு தடவையும் அவரே செம்பில் மொண்டு கொடுத்தார். "அண்ணனுக்கு வெயில் ஒத்துக்கல போல."

கறிக்குழம்பு தொப் தொப் என்று கொதிக்கிறது. "மதினி, உப்புப் பாக்குற நேரம்தான? மோந்து பாத்துச் சொல்லுங்க, நானும் கத்துக்கிறேன்." கவிதா பெருமையோடு வந்து பக்கத்தில் நின்றாள். சம்பந்தியும் மாப்பிள்ளையும்கூட வாசல்படிவரை வந்துவிட்டார்கள்.

ரா. குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. நிமிர்ந்தாள்.

"எனக்கு வாசன தெரியாது மதினி. காய்ச்சல்ல போயிருச்சு, வருமான்னும் தெரியல. இப்ப எங்க வீட்டுக்காருதான் பாத்துச் சொல்றாரு." என் பக்கம் திரும்பி, "இந்தாங்க, வாங்க" என்றாள்.

கவிதா "அம்மா..." என்றாள். எல்லார் கண்ணும் என் உள்ளங்கையில். ரெண்டு சொட்டு. தோளில் துண்டு இருந்தது. முகத்தைத் துடைத்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

"கம்மி" என்றேன். "ரெண்டு கல்லு."

சம்பந்தி வீட்டார் முன்னால் பெண்டாட்டி குழம்பைக் குறை சொன்னவன் இந்தச் சீமையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ரா. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜாடிக்குள் கையை விட்டாள், ரெண்டே ரெண்டு கல் எண்ணிப் போட்டாள், மூடினாள்.

மாப்பிள்ளை மூன்று தடவை குழம்பு வாங்கினார். சம்பந்தியம்மா இலையில் கையை வைத்தபடி தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "நானும் முப்பது வருசமா ஆக்கிப் போடுறேன். கம்மின்னாவது ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?" என்றார். அவர் இலையைவிட்டுத் தலை தூக்கவில்லை. போகும்போது சம்பந்தியம்மா ரா. கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கவிதா மறைத்ததற்கு என்னைத் திட்டினாள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், மீதிக் குழம்பில் தூக்குவாளி நிறைய எடுத்துப் போனாள்.

பட்டியலில் 5-ஐ, யாருக்கும் சொல்லக் கூடாது என்பதை, அடித்துவிட்டேன்.

மல்லிகை: மாலையும் ஒன்றும் இல்லை. தலையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது வாசலில் செல்வி குரல். ரா. குழம்புக் கிண்ணத்தை நீட்டுவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. செல்வி ஏதோ தயங்குகிறாள்.

"தைரியமாச் சாப்பிடு. எங்க வீட்டுக்காரு உப்புப் பாத்தது."