டாங்கில் கரையாத திருநீறு

ஸ்பானரை எங்கே வைத்தாய் என்று சொல்லாமலே போய்விட்ட என் அண்ணனுக்கு,

தொடங்கணும் தொடங்கணும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்த சேனலை நான் தொடங்கிவிட்டேன். வீட்டில் நிற்கிற வண்டியை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்று காட்டுகிற சேனல். பேரும் நீ வைத்ததுதான், ‘வாசல் ஒர்க்‌ஷாப்’. முதலில், நீ போன பிறகு நான் வாங்கிய பழைய ஸ்கூட்டியின் பிரேக்கைச் சரிசெய்து போட்டேன். “பொம்பளைக்கு இது தேவையா?” என்று ஒருத்தன் கமெண்ட் போட்டான். “உன் வண்டியைக் கொண்டா, பாத்துருவோம்” என்று பதில் எழுதினேன். உனக்குப் பிடித்திருக்கும்.

அடுத்தது உன் பைக். அம்மா அதன்மேல் உன் வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தாள். “தலைத் திவசம் முடியட்டும்ட்டி, அப்புறம் தொடு” என்றாள். முடிந்த மறு ஞாயிறே பிரித்துவிட்டேன். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நெஞ்சு வலிக்குது என்று நீ சாய்ந்த அன்று, அந்த பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தேன். கிளம்பவே இல்லை. ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் கிளம்பவில்லை? நீயும் அதற்கு முன்னால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, பெட்ரோலில் கலப்படம் என்று வைதுகொண்டுதானே இருந்தாய்?

செல்போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, டாங்கைக் கழற்றி, அதிலிருந்த பெட்ரோலை ஒரு கேனில் கவிழ்த்தேன். டாங்கின் அடியில் வெள்ளையாகச் சேறு. பெட்ரோல் இறங்குகிற வழியையே அடைத்திருந்தது. விரலில் எடுத்துக் காட்டி, “இது என்னன்னு எனக்குத் தெரியல” என்று கேமராவிடம் சொன்னேன்.

காபி கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்தாள்.

“திருநீறுல்லா அது. செந்தூர் இலை விபூதி. செவ்வாக்கிழமை தவறாம டாங்குல ஒரு சிட்டிகை போடுவேன். புள்ள போற எடமெல்லாம் முருகனும் கூடப் போகட்டும்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணே, சத்தியமாக. அதற்குள் அம்மாவின் முகம் மாறிப்போயிற்று.

“அதனாலயாட்டி அன்னைக்கு வண்டி கிளம்பல?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? “இல்லம்மா, திருநீறு பெட்ரோல்ல கரைஞ்சிரும். இது வேற ஏதோ அழுக்கு” என்றேன். அம்மா உள்ளே போனாள். வீடியோவை அழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் கையில் ஒரு கண்ணாடி டம்ளருடன் வந்தாள். கேனிலிருந்து பெட்ரோல் எடுத்து, அதில் திருநீறைப் போட்டுக் கலக்கியிருக்கிறாள். அடியில் அப்படியே கிடந்தது.

“கரையலியே” என்றாள்.

நான் அழுதுவிட்டேன். “பறந்து வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரேம்மா. நீயும் கேட்டேல்லா?”

“கேட்டேன். நெசமா, நம்ம மனசுக்காகச் சொன்னாரான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.” டம்ளரை கேமரா முன்னால் வைத்தாள். “இதையும் எடுத்துப் போடு. ஊருல இன்னும் எத்தன பேரு போடுதாளுவளோ. ஹேண்டில்ல பூசச் சொல்லு. அங்கன பூசுனா முருகன் வரமாட்டானாக்கும்?”

“ஆளாளுக்கு உன்னத் திட்டுவாங்கம்மா. கைய மட்டும் எடுக்கட்டா?”

“மூஞ்சியும் தெரியட்டும். இல்லன்னா நீ பண்ணுனதா நெனப்பாவ.”

எடுத்தேன். திக்காமல் திணறாமல் பேசினாள். பிறகு டாங்கையும் கார்புரேட்டரையும் கழுவி மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வண்டியை அணைத்துவிட்டுப் போய்த் தட்டினேன். “பொறவு வாரேன், நீ போ” என்றாள். நான் போகவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வீடியோ நாளைக்குப் போகிறது. யார் என்ன எழுதினாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். ஆனால் இந்தக் கதவுக்குப் பின்னால் அவளைத் தனியாக அழ விடமாட்டேன், அண்ணே. திறக்கிறவரைக்கும் தட்டிக்கொண்டே இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி