பாப்பா மேல் ஏழு சிவப்பு ஸ்டிக்கர்

துணிக் கம்பெனியில் கறை கண்டுபிடிக்கும் மகாராஜாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி ஆணியில், அதாவது நீங்கள் தேடாத இடத்தில்.

பாப்பா உடம்பில் இருக்கிற பழுப்புப் புள்ளிகளைப் பாருங்கள் என்றால், "எல்லாம் மச்சம்தான், ராசிக்காரி" என்று டிவி பக்கம் திரும்பிவிடுகிறீர்கள். சட்டையில் கடுகளவு கறை இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற ஆள் நீங்கள். அதனால் உங்கள் பையிலிருந்து அதே ஸ்டிக்கரை எடுத்து, புள்ளிக்கு ஒன்றாக அவள் மேல் ஒட்டியிருக்கிறேன். ஏழு. எண்ணிப் பாருங்கள், பழகிய வேலைதானே.

ஒன்றிரண்டு என்றால் பயமில்லையாம். ஆறு, அதற்கு மேல் என்றால் நரம்பில் கட்டி வருகிற நோயாக இருக்கலாம், கண்ணையும் பார்க்கணும் என்றார் நேற்று காட்டிய டாக்டர். ஒன்றுமில்லாமலும் போகலாமாம். இன்று நாலு மணிக்கு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். நான் வேலையிலிருந்து நேராக வந்துவிடுகிறேன்.

"அப்பா அம்மாவுக்கு இப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பி.கு.: காலையில் நீங்கள் குப்புறப் படுத்துத் தூங்கும்போதுதான் உங்கள் முதுகைச் சரியாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் அதைத் தேமல் என்று நினைத்த என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள். சட்டை போடும் முன் முதுகைக் கண்ணாடியில் பாருங்கள். ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது.