ம் கொட்டும் இடம்

அன்புள்ள வாலு,

இப்போதும் எதிரொலி விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பாட்காஸ்டுக்குக் கதை பதிவு செய்கிறேன். உன் பச்சைச் சட்டை காதை உரசிக்கொண்டே இருக்கும். நீ பக்கத்தில் இருந்து ம் கொட்டிய இடங்களில் என்னையறியாமல் நிறுத்திவிடுகிறேன்.

"என்னக்கா, நடுநடுவுல தூங்கிடறீங்களா?" என்கிறார் எடிட் செய்பவர். அந்த இடைவெளியை வெட்டாதீங்க என்றேன்.

கேட்பவர்களுக்கு அந்த மௌனம் பிடித்துப்போயிற்று. முதலில் ஒரு பஸ் டிரைவர் தன் 'ம்'மைப் பதிவு செய்து அனுப்பினார். பிறகு ஒரு பல் டாக்டர், இரட்டைக் குழந்தைகளின் அம்மா. இன்று 'ம்' அனுப்புபவர்களின் குழுவில் முந்நூறு பேர். வாரம் ஒருவர் குரலைக் கதையின் அந்த இடைவெளியில் ஒட்டுகிறேன். மேகத்துக்குள் இருந்து யாரோ கதை கேட்பது போலிருக்கும்.

நேற்று பெயரில்லாமல் ஒன்று வந்தது. 'ம்'முக்கு முன்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். "கர்சீப் எங்கடீ?" என்று அம்மா உன்னிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன அதே உறிஞ்சல்.

யாரென்று நான் கேட்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிவில் எதை வேண்டுமானாலும் வெட்டி எறியலாம். நீ கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன அன்றைக்கு நான் சொன்னதைத்தான் வெட்ட முடியவில்லை.

இந்த வாரக் கதையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே யார் குரலையும் ஒட்டவில்லை. அலமாரியில் சட்டைகளை ஒதுக்கி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருக்கிறேன்.

உன் அக்கா